ப்ளீச்சிங் போட்டா பூச்சிமருந்து போயிடுமா? குளோரின் தண்ணிக்குள் நடக்கும் ஆள்மாறாட்டம்!

புது வீடு. கறையான் மருந்து அடிச்சு ஒரு வாரம்தான் ஆகுது. காலையில சம்ப் மூடியைத் திறந்தா, தண்ணியில லேசா மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. பிளம்பரைக் கேளுங்க, பக்கத்து வீட்டு அண்ணனைக் கேளுங்க, அப்பாவையே கேளுங்க. பெரும்பாலும் வர்ற பதில் ஒண்ணுதான்: "ரெண்டு கைப்பிடி ப்ளீச்சிங் பவுடர் போட்டு விடு, எல்லாம் சரியாயிடும்."

கொஞ்சம் பொறுங்க. அந்தக் கைப்பிடியைப் போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

ப்ளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும். அதுல சந்தேகமே இல்லை. ஆனா பூச்சிமருந்து கிருமி இல்லை, ரசாயனம். குளோரின் அதைக் 'கொல்லாது', வேற ஒண்ணா மாத்தும். மாறி வர்றது சில சமயம் சாதுவா இருக்கும். சில சமயம் பழையதை விட மோசமா இருக்கும். நம்ம ஊர்ல கறையானுக்கும் நெல்லுக்கும் பருத்திக்கும் அடிக்கிற சில மருந்துகள் அந்த இரண்டாவது ரகம்.

முதல்ல குளோரினுக்கு ஒரு நன்றி

'அப்போ குளோரினே வேண்டாமா?'ன்னு கேட்டுடாதீங்க. 1908-ல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் ஒரு நகரத்தின் குடிநீர் முழுக்கத் தொடர்ந்து குளோரின் கலக்க ஆரம்பிச்சாங்க. அதன் பிறகு இந்த முறை உலகம் முழுக்கப் பரவுச்சு. காலராவும் டைஃபாய்டும் கூட்டம் கூட்டமா ஆட்களைக் கொண்டுபோன காலத்தை முடிச்சு வைத்ததில் குளோரினுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் விதியான ஐ.எஸ். 10500, குளோரின் கலந்த தண்ணி நம்ம வீட்டுக் குழாய்க்கு வந்து சேரும்போதும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும்னு சொல்லுது. வழியில் குழாய் உடைஞ்சு சாக்கடை கலந்தாலும் காப்பாத்த அந்த மிச்சம்தான் காவல்.

ப்ளீச்சிங் பவுடரோ, குளோரின் வாயுவோ, எதைக் கலந்தாலும் தண்ணிக்குள்ள உருவாவது ஹைப்போகுளோரஸ் அமிலம். இது ஆக்ஸிஜனேற்றம் செய்வதில் கில்லாடி. பாக்டீரியாவின் சுவரை உடைப்பதும் அந்த குணம்தான். அது ஆள் பார்த்து வேலை செய்யாது. எதிரில் பாக்டீரியா இருந்தாலும் பூச்சிமருந்து மூலக்கூறு இருந்தாலும், வினைபுரிய இடம் கிடைச்சா தொட்டுப் பார்க்கும்.

மூணு மருந்து, மூணு கதை

குளோரின் தண்ணியில் விழுந்த பூச்சிமருந்துகளை எளிமையா மூணு ரகமாப் பிரிக்கலாம்.

*கண்டுக்காத ரகம்:* அட்ரசின் என்ற களைக்கொல்லி, டி.டி.டி., லிண்டேன், எண்டோசல்ஃபான் போன்ற பழைய மருந்துகள். சாதாரணமா நாம போடும் குளோரின் அளவு இவற்றைப் பெருசா ஒண்ணும் பண்ணாது. உள்ளே போன மாதிரியே வெளியே வரும்.

*உடைஞ்சு போற ரகம்:* கிளைஃபோசேட் களைக்கொல்லி குளோரினோடு சீக்கிரம் வினைபுரிஞ்சு சிறு சிறு துண்டுகளாகும். மெத்தோமில் மாதிரியான மருந்துகளும் குளோரின் முன்னாடி ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்காது. 'குளோரின் மருந்தை அழிச்சிடும்'ங்கிற நம்பிக்கைக்கு இந்த ரகம் மட்டும்தான் சாட்சி சொல்லும்.

*வேஷம் மாறும் ரகம்:* குளோர்பைரிபாஸ், மாலத்தியான், டயசினான், மெத்தில் பாரத்தியான். இவை எல்லாமே ஆர்கனோபாஸ்பேட் குடும்பத்துப் பிள்ளைகள். நம்ம கதையின் நாயகன், இல்லை வில்லன், இங்கேதான் இருக்கார்.

ஒரே ஒரு அணு மாறினா?

இந்த மருந்துகளின் நடுவில் ஒரு பாஸ்பரஸ் அணு, அதைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கந்தக அணு இருக்கும். ஹைப்போகுளோரஸ் அமிலம் வந்ததும் கந்தகத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஓர் ஆக்ஸிஜனை உட்கார வைக்கிறது. அவ்வளவுதான் மாற்றம். மூலக்கூறின் மற்ற பாகங்கள் எல்லாம் அப்படியேதான் இருக்கும். ஆனால் பெயர் மாறிவிடும். குளோர்பைரிபாஸ் போய் 'குளோர்பைரிபாஸ் ஆக்சான்', மாலத்தியான் போய் 'மாலாக்சான்'.

இந்த ஆக்சான்தான் உண்மையான விஷம். நம்ம நரம்புகளில் ஒரு செய்தி போனதும், 'போதும், நிறுத்து' என்று அதை அணைக்க அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் என்ற நொதி இருக்கிறது. ஆக்சான் அந்த நொதியைப் பூட்டிவிடுகிறது. அணைக்க ஆளில்லாததால் நரம்பு ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும். பூச்சி சாவது இப்படித்தான். மனிதர்களுக்கு இந்த விஷம் ஏறினாலும் நடப்பது இதேதான்.

கந்தகம் இருக்கும் மூல மருந்து இந்த நொதியை அவ்வளவு பலமாகப் பூட்டாது. அது உடம்புக்குள் போய், கல்லீரலில் ஆக்சானாக மாறின பிறகுதான் முழு வேகம் காட்டும். அதாவது, உடம்புக்குள்ளே நடக்க வேண்டிய வேலையைக் குளோரின் தண்ணித் தொட்டியிலேயே முடிச்சுக் கொடுத்துடுது.

நம்ம உடம்பில் ஆக்சானை உடைச்சுத் தள்ள 'பாரஆக்சோனேஸ்' என்று இன்னொரு நொதி உண்டு. பெரியவர்களுக்கு அது போதுமான அளவு இருக்கும். பிறந்த குழந்தைகளுக்கு ரொம்பக் குறைவு. பால் பவுடர் கரைக்கும் தண்ணியில் நாம் அதிகமா கவனம் வைக்கணும்னு சொல்வதற்கு இது ஒரு காரணம்.

அமெரிக்காவில் இது எப்படி வெளியே வந்தது?

2006-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் ஸ்டீபன் ட்யூர்க், திமோதி கோலெட் இருவரும் குளோரின் தண்ணியில் குளோர்பைரிபாஸுக்கு என்ன ஆகிறது என்று படிப்படியாக அளந்து வெளியிட்டார்கள். குளோரின் அதை வேகமாக ஆக்சானாக மாற்றுகிறது. பிறகு அந்த ஆக்சான் மெதுவாக உடைந்து, டி.சி.பி. என்ற வேறொரு பொருளாகிறது. இது நரம்பு நொதியைத் தொடாது. தண்ணியில் காரத்தன்மை கூடக்கூட இந்த இரண்டாவது உடைப்பு வேகமாகும்.

'அப்போ கடைசியில் சரியாயிடுதே?'ன்னு தோணும். சிக்கல் நேரக் கணக்கில்தான் இருக்கு. மருந்து ஆக்சானாக மாறுவது வேகமாக முடிந்துவிடும். ஆனா அந்த ஆக்சான் பாதியாகக் குறைய சில சூழலில் சுமார் 12 நாள் ஆகும் என்பது அந்த முகமையின் மதிப்பீடு. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நம்ம டம்ளருக்கு வர 12 நாள் ஆகாதே! வீராணம் தண்ணியையே எடுத்துக்கோங்க. சுமார் 235 கிலோமீட்டர் குழாய்ப் பயணம் செஞ்சு சென்னை வந்து சேருது. அவ்வளவு நீளமான பயணத்துக்கும் 12 நாள் தேவைப்படாது. குழாய்க்குள் ஆக்சான் உருவாகியிருந்தா, பயண நேரத்தை நம்பி அது தீர்ந்துபோகும்னு எந்த ஊரும் இருந்துவிட முடியாது.

இந்த வேதியியல் ஆய்வகத்தோடு நிற்கவில்லை, அரசியலுக்கும் போனது. வீட்டுக்குள் குளோர்பைரிபாஸ் பயன்படுத்துவதை முடிவுக்குக் கொண்டுவர 2000-லேயே அமெரிக்காவில் ஒப்பந்தம் ஆனது. 2015-ல் உணவுப் பயிர்களுக்கான அனுமதியையும் ரத்து செய்ய முகமை முன்மொழிந்தபோது சொன்ன முக்கியக் காரணமே சில பகுதிகளின் குடிநீர்தான். 2017-ல் ஆட்சி மாறியதும் அந்த முடிவு நிறுத்தப்பட்டது. 2021-ல் ரத்து வந்தது. 2023-ல் நீதிமன்றம் அந்த ரத்தைத் தள்ளுபடி செய்தது. ஒரு அணு மாற்றத்தை வைத்து இத்தனை வருஷ இழுபறி.

ரிப்போர்ட்டில் 'இல்லை'ன்னு வந்தா, இல்லையா?

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். நீங்க தண்ணி சாம்பிளை ஆய்வகத்தில் கொடுக்கறீங்க. ரிப்போர்ட்டில் 'குளோர்பைரிபாஸ்: பி.டி.எல்.'னு வருது. கண்டறியும் அளவுக்குக் கீழே என்று அர்த்தம். நிம்மதியா மூச்சு விடறீங்க.

ஆனா அந்தத் தண்ணி ஏற்கெனவே குளோரின் கலந்தது என்றால், அந்த 'இல்லை'க்கு ரெண்டு அர்த்தம் இருக்கலாம். ஒண்ணு, மருந்து வரவே இல்லை. இன்னொண்ணு, மருந்து வந்தது, ஆக்சானாக மாறிவிட்டது, ஆக்சானை யாரும் தேடவில்லை. பழைய பெயரை வைத்துத் தேடினால் வேஷம் மாறியவன் சிக்க மாட்டான்.

ஐ.எஸ். 10500 அட்டவணையில் குளோர்பைரிபாஸுக்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரம்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் அதுதான். ஆனால் நம்ம அட்டவணையில் அதன் ஆக்சானுக்கு என்று தனி வரி கிடையாது. ஜப்பானில் கதை வேற. குளோர்பைரிபாஸ், டயசினான் போன்ற மருந்துகளைக் குடிநீரில் அளந்தால், அவற்றின் ஆக்சானையும் அளந்து இரண்டையும் கூட்டித்தான் கணக்குச் சொல்லணும். அங்கே குளோர்பைரிபாஸுக்கு இலக்கு அளவு 3 மைக்ரோகிராம், நம்ம அளவில் பத்தில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் எந்தப் பூச்சிமருந்தானாலும் 0.1 மைக்ரோகிராம்தான் என்கிறது. மருந்து உடைந்து உருவாகும் முக்கியமான பொருள்களுக்கும் இதே வரம்பு.

இன்னொரு ஆச்சர்யம் கேளுங்க. 2003 பிப்ரவரியில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், பாட்டில் தண்ணியிலேயே லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிபாஸ் இருப்பதாக அறிக்கை வெளியிட்டது. நாடே கொதிச்சுது. அதன் பிறகு பாட்டில் தண்ணிக்கு எந்தப் பூச்சிமருந்தும் 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்தது. குழாய்த் தண்ணிக்குக் குளோர்பைரிபாஸ் வரம்பு 30. அதாவது, காசு கொடுத்து வாங்கும் தண்ணிக்கு இருக்கும் கட்டுப்பாடு, குழாயடியில் குடம் பிடிக்கிறவங்க குடிக்கும் தண்ணியை விட 300 மடங்கு கடுமை!

மருந்தையே நிறுத்தும் முயற்சியும் நடந்தது. 2020 மே மாதம் மத்திய அரசு 27 பூச்சிமருந்துகளைத் தடை செய்ய வரைவு வெளியிட்டது. குளோர்பைரிபாஸும் மாலத்தியானும் அதில் இருந்தன. கடைசி உத்தரவு வந்தபோது இரண்டுமே முழுத் தடையிலிருந்து தப்பிவிட்டன. 2025 மே மாதம் ஜெனீவாவில் நடந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை மாநாடு, உலகம் ஒழிக்க வேண்டிய ரசாயனங்களின் பட்டியலில் குளோர்பைரிபாஸைச் சேர்த்தது. சில பயன்பாடுகளுக்கு மட்டும் விலக்கு. ஆனால் இந்தியா தனியாக ஏற்று ஒப்புதல் கொடுத்தால்தான் அந்தச் சேர்க்கை நம்மைக் கட்டுப்படுத்தும்.

ஒரு மில்லி, ஆறாயிரம் லிட்டர்

30 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு? உங்க மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் டேங்க் முழுக்க 30 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பை விடக் குறைவு. 20 சதவிகித குளோர்பைரிபாஸ் பாட்டிலில் ஒரு மில்லியில் சுமார் 200 மில்லிகிராம் மருந்து இருக்கும். ஆக, அந்த ஒரு மில்லி ஆறாயிரம் லிட்டருக்கும் மேலான தண்ணியை வரம்புக்குக் கொண்டுபோயிடும். கறையான் மருந்து கலக்கின பக்கெட்டை சம்ப் பக்கத்தில் கழுவக் கூடாதுன்னு சொல்வது ஏன்னு இப்போ புரியுதா?

ஒரு நல்ல செய்தியும் உண்டு. குளோர்பைரிபாஸ் தண்ணியில் கரைவதை விட மண்ணோடு ஒட்டிக்கொள்வதைத்தான் விரும்பும். அதனால் படிகாரம் போட்டு மண்ணைப் படிய வைக்கும் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் ஒரு பகுதி சேற்றோடு போய்விடும். அந்த வசதி எதுவுமே இல்லாத இடங்களுக்குத்தான் கவலை அதிகம். வயலை ஒட்டின போர்வெல், அதிலிருந்து நேரா ஊராட்சி மேல்நிலைத் தொட்டி, தொட்டியில் ப்ளீச்சிங் பவுடர். இந்தத் தண்ணியை முதல்ல குடிப்பது மருந்து அடிச்சுட்டு வீடு திரும்பும் விவசாயியின் குடும்பம்தான். அதனால இதை விவசாயி மேல் பழி போடும் விஷயமா பார்க்காதீங்க. அவங்கதான் முன்வரிசையில் நிக்கறாங்க.

சரி, நாம என்ன பண்ணலாம்?

*மருந்து வாடை வந்தா ப்ளீச்சிங் போடாதீங்க.* குடிக்க, சமைக்க அந்தத் தண்ணியை உடனே நிறுத்துங்க. சாம்பிள் எடுத்து வெச்சுக்கிட்டு, சம்ப்பைக் காலி பண்ணிக் கழுவுங்க. கிருமிக்கான குளோரினை, மருந்து இல்லை என்று உறுதியான பிறகு போடலாம்.

*டி.டி.எஸ். மீட்டரை நம்பாதீங்க.* அது காட்டுவது லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் உப்பை. மைக்ரோகிராம் கணக்கில் இருக்கும் பூச்சிமருந்து அதன் கண்ணுக்கே தெரியாது.

*கொதிக்க வைப்பது கிருமிக்கு மட்டும்.* கொதிக்க வெச்சா குளோரின் வாடை போகும். பூச்சிமருந்துக்கு அதை நம்ப முடியாது. பீங்கான் கேண்டில் ஃபில்டரும், யு.வி. விளக்கும் அப்படித்தான்.

*பிடிச்சு வைப்பது கார்பன்.* ஆக்டிவேட்டட் கார்பன் ஃபில்டர் மூல மருந்தையும் ஆக்சானையும் தன் மேல் ஒட்ட வைக்கும். ஆர்.ஓ. சவ்வும் பெரும்பகுதியைத் தடுக்கும். ஆனா நிறைஞ்சு போன கார்பன் எதையும் பிடிக்காது. 'தண்ணி நல்லாத்தானே வருது'ன்னு கேட்ரிட்ஜ் மாத்துறதைத் தள்ளிப் போடாதீங்க.

*டெஸ்ட் கொடுக்கும்போது கேள்வி கேளுங்க.* வழக்கமான பேக்கேஜில் கடினத்தன்மை, ஃப்ளூரைடு, நைட்ரேட், கோலிஃபார்ம் எல்லாம் இருக்கும். பூச்சிமருந்து தனியாகக் கேட்டால்தான் வரும். "ஆக்சானும் சேர்த்துப் பார்ப்பீங்களா?"ன்னு கேளுங்க. முடிஞ்சா குளோரின் கலக்கறதுக்கு முந்தின சாம்பிளையும் கொடுங்க. அதில்தான் மருந்து தன் சொந்தப் பெயரோடு இருக்கும்.

*கறையான் மருந்து அடிக்கும் முன் பெயர் கேளுங்க.* என்ன மருந்து, கிணறும் போர்வெல்லும் எவ்வளவு தூரம், சம்ப் மூடியிருக்கா, மூணையும் பார்த்துட்டு வேலை ஆரம்பிக்கச் சொல்லுங்க.

*அறிகுறி தெரிஞ்சா வீட்டு வைத்தியம் வேண்டாம்.* எச்சில் ஒழுகுதல், அதிக வியர்வை, வாந்தி, கண் பாவை சுருங்குதல், மூச்சுத் திணறல் வந்தா உடனே 108. பாட்டிலையோ அதன் லேபிள் போட்டோவையோ கையோடு கொண்டு போங்க.

இதெல்லாம் நம்ம வீட்டுக்குள். ஊர் முழுக்க ஒவ்வொருத்தரும் ஆர்.ஓ. வாங்கி வைக்க முடியாது, வாங்கவும் கூடாது. சுத்திகரிப்பு நிலையத்தில் சந்தேகம் வந்தால் குளோரினுக்கு *முன்னாடி* கார்பன் பொடி போட்டு மருந்தைப் பிடிப்பது தெரிந்த முறைதான். வரிசை மாறினால் பலனும் மாறிடும். ஆக்சானையும் சேர்த்து அளக்கும் ஒரு வரி நம்ம விதியிலும் வந்தால், அந்த 'இல்லை'ங்கிற வார்த்தைக்கு மதிப்பு வரும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்திலோ அபார்ட்மென்ட் மீட்டிங்கிலோ தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட்டைக் காட்டி, 'எல்லாம் நார்மல்'னு சொன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இந்த சாம்பிள் எடுத்தது ப்ளீச்சிங் போடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"